வாய்க்காலுக்கு அப்பால் போய்வந்த பானை

என் மகள் போகும் முன்பள்ளியில் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைத் தாய்மார் முறை வைத்துச் சமைக்கிறோம். ஒரு நாளுக்கு ஒரு வீடு. பயறு அவிக்கலாம், கடலை அவிக்கலாம், இலைக்கஞ்சி காய்ச்சலாம். அதற்கென்று ஒரு பெரிய அலுமினியப் பானை இருக்கிறது. பானை முன்பள்ளிக்குச் சொந்தம், ஆனால் முன்பள்ளியில் இருப்பதில்லை. முறை முடிந்த தாய் அதைக் கழுவி, அடுத்த முறைக்காரியின் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அப்படியே வீடு வீடாகச் சுற்றி, கடைசியில் வாய்க்காலைத் தாண்டி ஒரே ஒரு வீட்டுக்குப் போகும். அங்கிருந்து திரும்ப வாய்க்காலைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். என் கணவர் வீட்டாரும் அப்படித்தான். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். எங்களுக்கு வயல் இருக்கிறது. அவர்கள் அந்த வயல்களில் களை பிடுங்குகிறார்கள். அவர்களைக் குறிப்பிட எங்கள் ஆட்கள் முன்பு ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். இப்போது எல்லோரும் கொஞ்சம் படித்துவிட்டோம், அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'வாய்க்காலுக்கு அங்கால' என்று சொல்கிறோம்.

நான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவள். இப்போது புதுக்குடியிருப்பு வீதியில் இருக்கும் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அளவையியல், அதாவது தருக்கம், படிப்பிக்கிறேன். பரந்தன் சந்தியிலிருந்து விடியற்காலை பஸ் எடுத்தால்தான் முதல் பாடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அந்த நேரத்தில் மகள் இன்னும் பாயில்தான் கிடப்பாள். அவளை எழுப்பி, குளிக்க வார்த்து, தலை சீவி இழுத்து, முன்பள்ளியில் கொண்டுபோய் விடுவது என் மச்சாள். கணவரின் மூத்த அக்கா. கடைசிச் சண்டையில் கணவனை இழந்தவர், பிள்ளை இல்லை. மகள் அவரைத்தான் 'மாமி, மாமி' என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிறாள். அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போக முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

ஒரு கிழமைநாள் எங்கள் பாடசாலையைப் பரீட்சை மண்டபமாக எடுத்திருந்தார்கள். நான் வீட்டில் நின்றேன். மகளும் நின்றாள்.

"ஏன் மச்சாள், பிள்ளை போகேல்லையோ?"

"மேல் கொஞ்சம் சுட்டது. அதான் மறிச்சிட்டன்."

தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. ஆனாலும் பயந்தேன். நான் காய்ச்சலுக்குப் பயப்படுகிற தாய். டெங்கு என்று ஒரு சொல் காதில் விழுந்தாலே இரண்டு முறை நுளம்புவலையைத் தட்டிப் பார்ப்பேன். வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மகள் முற்றத்தில் கோழிக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் ஆகும் நேரம், வாசல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரே தாய். என் வயதுதான் இருக்கும். முன்பாரில் மகளை இருத்தி, பின் கரியரில் பானையைப் பழைய சைக்கிள் ரியூப்பால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பானை வெள்ளியைப் போல மினுங்கியது. நான் எழும்புவதற்குள் மச்சாள் குசினி வாசலிலிருந்து கையை நீட்டிக் காட்டினார்.

"கிணத்தடியில வையும் பிள்ளை. நாங்கள் எடுப்பம்."

குரலில் கோபமில்லை. அன்பாகத்தான் சொன்னார். அந்தத் தாயும் "சரிங்கம்மா" என்று சொல்லி, கிணற்றடியில் வைத்துவிட்டுப் போனார். அவர் இங்கேயே பிறந்தவர், எங்களைப் போலத்தான் பேசுவார். எங்கள் முற்றத்துக்குள் வரும்போது மட்டும் அவருடைய தாயின் பேச்சு வாயில் வந்துவிடுகிறது.

மச்சாள் சாம்பலும் பழப்புளியும் எடுத்துப்போய் அந்தப் பானையை மறுபடி தேய்த்தார். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். பிறகு வேலிக் கதியால் தடியில் கவிழ்த்து வெயிலில் விட்டார்.

"ஏற்கெனவே மினுக்கித்தானே கொண்டு வந்தவ?"

"பூனை கீனை வாய் வைச்சிருக்கும். ஆர் கண்டது?"

மகள் என் அருகில் வந்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தருபவளைப் போலச் சொன்னாள்:

"அம்மா, அந்த அன்ரி சமைச்சா எனக்குக் காய்ச்சல் வாறது. எல்லாருக்கும் வாறது."

'மழை பெய்தால் நிலம் நனையும்' என்று அந்தக் கிழமைதான் நான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். நிபந்தனை எடுப்பு என்றால் என்ன என்று மூன்று பாடமாக விளங்கப்படுத்தியும் பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. நான்கு வயதுப் பிள்ளை ஒன்றைப் பிழையில்லாமல் சொன்னாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் ஆட்களின் அந்தப் பழைய சொல்லையும் யாரும் அவள் காதுபடச் சொல்லியிருக்க மாட்டார்கள். தானாகவே கண்டதைத் தொகுத்து ஒரு விதியாக்கியிருந்தாள்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா பழைய ஆள் அப்பா. அவவோட கொழுவி என்ன காணப்போறீர்?"

"கொழுவேல்ல. பிள்ளை என்னத்தைப் பழகுது எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

"பிள்ளை வளர மறந்திடும்." சேற்றை விரலால் வழித்து எறிந்தார். "அக்கா கோவிச்சுக்கொண்டு சித்தி வீட்ட போயிட்டா எண்டால், நாளைக்குப் பிள்ளையை ஆரிட்டக் குடுப்பீர்? அளவையியல் மிஸ், அதையும் ஒருக்கா யோசியும்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன், மச்சாளைத் தவிர ஒருவரும் இல்லை.

அன்றிரவே மச்சாளிடமும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போதும் சிலவேளை நினைக்கிறேன். கடைசிச் சண்டையின்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பதுங்குகுழிக்கு வெளியே பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். வரிசையில் நின்று சிரட்டையிலும் தகரப்பேணியிலும் வாங்கிக் குடித்தோம். யார் கிண்டினார்கள், யார் தண்ணீர் அள்ளினார்கள், எந்தப் பக்கத்தவர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மச்சாளும் அந்த வரிசையில் நின்றவர்தான். கணவனைப் புதைத்த மறுநாளும் அந்தக் கஞ்சிதான் அவரை உயிரோடு வைத்தது. அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப குடிச்சனீங்கள்தானே மச்சாள்?"

நுளம்புவலையைச் செருகிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அது அந்த நேரம்," என்றார். பிறகு, சத்தம் குறைந்து, "அந்த நேரத்தை ஏன் இழுக்கிறீர்?" என்றார்.

அவருடைய கண்ணைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவருடைய துக்கத்தை எடுத்து ஒரு வாதத்துக்குள் வைக்கப் பார்த்தேன். அது சரியா பிழையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் நீதியைப் பற்றி நான் நிறையக் கட்டுரைகள் எழுதினேன். அவை எல்லாவற்றிலும் 'நாங்கள்' கீழே இருந்தோம். சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்கவிடப்பட்டவர்கள் நாங்கள். காணி பிடிக்கப்பட்டவர்கள், மொழி மறுக்கப்பட்டவர்கள், காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்கள் நாங்கள். அவை எல்லாம் உண்மை. எங்களுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல எனக்கு மெய்யியல் தேவைப்படவே இல்லை, வாயைத் திறந்தால் போதும். அந்தச் சோதனைச்சாவடியில் வாய்க்காலுக்கு இரண்டு பக்கத்தாரையும் ஒரே வரிசையில்தான் நிறுத்தினார்கள். துவக்கு வைத்திருந்தவனுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றுதான். வரிசை கலைந்து வீட்டுக்கு வந்த பிறகு, எங்களில் ஒரு பகுதி மேலே ஏறிக்கொண்டது. அந்தப் பகுதியில் நான் இருக்கிறேன் என்பதை எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

பானை கொண்டுவந்த அந்தத் தாயின் அடுத்த முறை வந்தபோது அரைநாள் லீவு எடுத்தேன். மச்சாள் எழும்பும் முன்பே மகளைக் குளிக்க வார்த்து நானே கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் மகள் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இண்டைக்கு எனக்கு வரேல்ல."

முன்பள்ளி என்பது அரைச்சுவர் வைத்த ஒரு தகரக் கொட்டகை. அன்று அது கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தது. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வரும் அந்தச் சின்னப்பெண் இருந்தாள். இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். என் மகளைக் கண்டதும் அந்தச் சின்னப்பெண் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பயறு அவித்து, தேங்காய்ப்பூப் போட்டிருந்தார் அந்தத் தாய். வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த வாசம் வீதி வரைக்கும் வந்தது. பானை நிறைய இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் சமைக்கிறார்.

முன்பள்ளி ஆசிரியை ஒரு சின்னப் பெட்டை. என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"எனக்குத் தெரியுமக்கா. தெரியாதெண்டு நினைக்காதேங்கோ. நான் ஏதும் கதைச்சால் பிள்ளையளை நிப்பாட்டிப்போடுவினம். பிள்ளையள் குறைஞ்சால் பள்ளிக்கூடத்தையே பூட்டிப்போடுவினம். பிறகு அந்தப் பிள்ளைக்கும் இல்லை."

அவளும் சரியாகத்தான் யோசித்திருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அந்தத் தாய் பானையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். வாய்க்கால் பாலத்தடியில் நின்று மிச்சப் பயற்றை முழுவதும் தண்ணீரில் கொட்டினார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"வீட்ட கொண்டுபோகலாமே?" என்றேன்.

"கொண்டுபோனா என்ர மாமி கேப்பா டீச்சர், ஏன் மிச்சமெண்டு. எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளையள் விரும்பிச் சாப்பிட்டவையாம் எண்டுதான் சொல்லியிருக்கிறன்." பானையை வாய்க்காலில் அலசினார். "மீனாவது தின்னட்டும். அதுக்கு எந்தப் பக்கமெண்டு தெரியாதுதானே."

"பின்னை ஏன் இந்த முன்பள்ளிக்கு விடுறியள்? உங்கட பக்கத்திலயும் ஒண்டு இருக்குத்தானே."

கேட்டவுடனேயே அது எப்படிப்பட்ட கேள்வி என்று விளங்கி நாக்கைக் கடித்தேன். அவர் கோபிக்கவில்லை.

"அங்கயிருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளையள் வகுப்பில கடைசி வாங்கிலதான் டீச்சர் இருக்குதுகள். நானும் அப்பிடித்தான் இருந்தனான். வாயே திறக்க மாட்டன். இவ இப்பவே உங்கட பிள்ளையளோட இருந்து சாப்பிட்டுப் பழகினா, அங்க போய்ப் பயப்பட மாட்டா. அவ்வளவுதான். வேற ஒண்டும் வேண்டாம்."

அடுத்த நாள், சனிக்கிழமை, பெற்றோர் கூட்டம் இருந்தது. அதில் இதைப் பற்றிப் பேசட்டுமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றால் பேச மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் பானையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்.

"கதையுங்கோ டீச்சர். கேட்டா நானும் சொல்லுறன்."

அந்த இரவு நான் தூங்கவில்லை. எப்படிச் சொல்வது? ஒருவரையும் குற்றம் சாட்டாமல் எப்படிச் சொல்வது? படித்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கற்பனை இருந்தது. ஒரு சமூகத்துக்கு நீ விதி எழுதப்போகிறாய், ஆனால் அதில் நீ யாராகப் பிறப்பாய் என்று உனக்குத் தெரியாது. அப்போது எப்படிப்பட்ட விதி எழுதுவாய்? அதைப் படித்த அன்று உலகத்தின் பூட்டு ஒன்று திறந்ததைப் போல இருந்தது. இவ்வளவு எளிதானதா, இதை ஏன் எல்லோருக்கும் சொல்வதில்லை என்று நினைத்தேன். அதையே சொல்வது என்று முடிவெடுத்தேன்.

கூட்டத்துக்குத் தாய்மார் எல்லோரும் வந்திருந்தார்கள். மச்சாளும் வந்திருந்தார். பெற்றோர் குழுவின் தலைவி முன் கதிரையில் இருந்தார். மேல்வாய்க்கால் வயல்களில் பாதிக்குமேல் அவர் வீட்டாருடையது. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வந்த தாய், பக்கத்தில் கதிரை வெறுமையாக இருந்தும், அரைச்சுவரோடு சாய்ந்து நின்றார்.

நான் எழும்பினேன். "ஒரு விளையாட்டு மாதிரி யோசிச்சுப் பாப்பம். நாங்கள் எல்லாரும் இனித்தான் பிறக்கப்போறம் எண்டு வைப்பம். எந்த வீட்டில பிறப்பம் எண்டு தெரியாது. அப்ப இந்த முன்பள்ளிக்கு என்ன விதி வைப்பம்?"

"டீச்சர், அதுக்குத்தானே சாத்திரம் கேக்கிறனாங்கள்," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன் தெரியாது?" என்றார் இன்னொருவர். "நான் பிறந்தது கிளிநொச்சி ஆசுப்பத்திரியில. லைற் இல்லாமக் குப்பி விளக்கில பெத்ததெண்டு அம்மா இப்பவும் சொல்லிக் காட்டுறவ."

சிரிப்பு கூடியது. நானும் சிரித்தேன். தலைவி மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சர், நாங்கள் எங்க பிறந்தனாங்கள் எண்டு எங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்," என்றார்.

சிரிப்பு நின்றது.

புதிதாக ஒருவரைக் கண்டால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது 'எந்த இடம்?' என்பது. பதில் சொன்னால், 'அங்க எந்தப் பக்கம்?' என்று வரும். பிறகு எந்தக் கோயிலடி, யாருடைய வீட்டுக்குப் பக்கம் என்று வரும். கடைசியில் ஒன்றும் கேட்காமலே எல்லாம் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதைக் கற்பனை செய்யச் சொல்லி, அறிந்துகொள்வதையே பழக்கமாக வைத்திருக்கும் ஓர் ஊரிடம் நான் கேட்டேன். நான் மட்டும் விதிவிலக்கா? கலியாணம் பேசி வந்தபோது எங்கள் வீட்டிலும் அதே கேள்விகள்தான் கேட்கப்பட்டன. பதில்கள் பொருந்தியதால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

அதனால் விளையாட்டை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன். ஒரு தாயின் முறையில் மட்டும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது, அடுத்த நாள் மாறிவிடுகிறது, என் பிள்ளைக்கும் அப்படித்தான் வந்தது என்று சொன்னேன். என் பிள்ளையையும் சேர்த்துச் சொன்னதால் மச்சாளின் பக்கம் பார்க்க முடியவில்லை.

"காய்ச்சல் வாறதும் குற்றமே?"

"என்ர பெடிக்கு இழுப்பு. குளிருக்குள்ள விடேலாது."

"எங்கட பெட்டைக்குப் பயறு ஒத்துக்கொள்ளாது, வயித்தால போகும். டொக்டரிட்டக் கேட்டுப் பாருங்கோ."

ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். அந்தப் பெடிக்கு இழுப்பு இருப்பது எனக்கே தெரியும். அளவையியலில் தனித்தனி எடுப்புகளை உண்மையா பொய்யா என்று பார்க்கப் பழக்குகிறோம். ஒவ்வொன்றும் உண்மையாக இருந்து, எல்லாம் சேர்ந்து ஒரு பொய்யைக் காவல்காக்க முடியும் என்பதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பயிற்சியும் இல்லை.

தலைவி திரும்பி, அரைச்சுவரைப் பார்த்தார்.

"நீ சொல்லு தங்கச்சி. உன்னை இஞ்ச ஆரும் குறைவா நடத்தினவையோ?"

எல்லோரையும் 'நீங்கள்' என்றும் 'நீர்' என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர், அவரை 'நீ' என்றார். வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தாய் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலைவியைப் பார்த்தார்.

"இல்லீங்கக்கா. எல்லாரும் நல்லாத்தான் நடத்துறீங்க. பிள்ளையளுக்குச் சுகமில்லாட்டி என்ன செய்யிறது?"

"பாத்தியளோ டீச்சர்," என்றார் தலைவி. வெற்றி பெற்ற குரல் இல்லை. கரிசனையாகத்தான் சொன்னார். "நீங்கள் நிறையப் படிச்சதால வாற யோசினை."

அப்போது முன்பள்ளி ஆசிரியை, அழப்போகும் பிள்ளையைப் போன்ற முகத்தோடு எழும்பினாள். இனி ஒருவரும் சமைக்க வேண்டாம், எல்லோரும் பிள்ளைக்கு ஒரு பிஸ்கற் பக்கற் கொடுத்துவிடுங்கள், யாருக்கும் கரைச்சல் இல்லை என்றாள். எல்லோருடைய தோளிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியது. ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். கையை உயர்த்தச் சொன்னபோது அந்தத் தாயும் உயர்த்தினார். நான் உயர்த்தினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. உயர்த்தியிருப்பேன்.

கூட்டம் முடிந்து பாலத்தடியில் அவர் எனக்காக நின்றார்.

"கோவமோ டீச்சர்?"

"இல்லை."

"சொல்லுவன் எண்டுதான் வந்தனான். சத்தியமா. அவ 'நீ சொல்லு' எண்டு கேக்கேக்க…" அவர் சைக்கிள் கைபிடியைத் தடவினார். "திங்கக்கிழமையிலயிருந்து அவவின்ர வயலிலதான் எங்கட ஆக்களுக்குக் களை. என்னோட சேத்து அங்கால எல்லாருக்கும் வேலை போகும். நான் சொன்னால் எனக்கு மட்டும் போகாது."

"விளங்குது. பிள்ளையை விடுவியள்தானே?"

"விடாம? பிஸ்கற்தானே. ஆர் தொட்டால் என்ன, பக்கற்றுக்குள்ளதானே இருக்கு." அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு முன்பள்ளியில் எந்த நாளும் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். காய்ச்சல் யாருக்கும் வருவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் பக்கற்றைத் தானே உடைத்து, தன் மடியில் வைத்துத் தின்கிறது. அந்தச் சின்னப்பெண்ணும் தின்கிறாள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னை வதைப்பது இதுதான்: யாராகப் பிறப்போம் என்று தெரியாதவர்களைக் கேட்டிருந்தாலும் இந்த விதியை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே விதி, ஒருவருக்கும் நட்டமில்லை. எனக்குப் பிடித்த அந்தக் கற்பனைக்குப் பிஸ்கற்றில் எந்தக் குறையும் தெரியாது. அந்தத் தாய் சமைத்ததை மற்றவர்களின் பிள்ளைகள் தின்ன வேண்டும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க இனி இடமே இல்லாமல் ஒரு நியாயமான விதி செய்துவிட்டோம்.

"இதைப் படிச்சு என்ன செய்யிறது மிஸ்?" என்று வகுப்பில் ஒரு மாணவி அடிக்கடி கேட்பாள். முன்பு என்றால், நீதியான சமூகம், சிந்திக்கும் மனிதர் என்று ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது அவ்வளவு துணிவு இல்லை. தெரியாதவளைப் போல நடித்து யோசிக்காதே, நீ எங்கே நிற்கிறாய் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு யோசி என்று மட்டும் சொல்லலாம் என்று தோன்றுகிறது. உண்மையை யார் சொல்கிறார்கள் என்பதோடு, அதைச் சொன்னால் யாருக்கு வேலை போகும் என்றும் கேள் என்று சொல்லலாம். அது பரீட்சைக்கு வராது. அதனால் இன்னும் சொல்லவில்லை.

பானை மிஞ்சியது. முறைப்படி அது எங்கள் வீட்டுக்கு வர வேண்டியது, இனி எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தாள். கூட்டத்துக்கு மறுநாள் அந்தத் தாய் அதைக் கொண்டுவந்தார். முன்பைப் போலவே மினுங்கியது. படலையைத் திறந்ததும் அவராகவே கிணற்றடிப் பக்கம் திரும்பினார். நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் வாங்கினேன். மச்சாள் பார்க்க, கழுவாமல், நேரே குசினிக்குள் கொண்டுபோய் அடுப்பில் வைத்து, அரிசி போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். வீரமாக ஒன்றும் உணரவில்லை. மச்சாள் பெட்டியைக் கட்டினால் திங்கட்கிழமை என்ன செய்வேன் என்றுதான் அகப்பையைப் பிடித்திருந்த நேரம் முழுவதும் நினைத்தேன்.

பொழுதுபட எல்லோருக்கும் வார்த்தேன். கணவர் குடித்தார். மச்சாள் பாயை விட்டு எழும்பவில்லை.

"எனக்கு வேண்டாம். மேல் காயுது."

மகள் தன் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். நான் அவளுக்குச் செய்வதைப் போலவே புறங்கையை மச்சாளின் நெற்றியில் வைத்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள்.

"மாமி, சுடேல்ல."

மச்சாள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவருடைய தோள் குலுங்கியது. எதற்காக அழுதார் என்று எனக்குத் தெரியாது. என்மேல் கோபமா, அந்தக் கிடாரத்துக் கஞ்சியின் நினைவா? அன்று அவர் ஒன்றும் சாப்பிடாமல்தான் படுத்தார்.

பெட்டியைக் கட்டவில்லை. திங்கட்கிழமை விடிய நான் பஸ்ஸுக்கு ஓடும்போது வழக்கம்போல மகளின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். பின்னேரம் வந்து பார்த்தபோது பானை வேலிக் கதியாலில் கவிழ்ந்து கிடந்தது. தேய்த்த சாம்பல் இன்னும் கிணற்றடியில் ஈரமாக இருந்தது. நான் எடுத்து வந்து குசினியின் மேல்தட்டில் வைத்தேன். அடுத்த நாள் அது மறுபடியும் வேலியில் இருந்தது. மறுபடியும் எடுத்து வந்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசுகிறோம்.

நேற்று நான் பானையை உள்ளே கொண்டுவரும்போது மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மாமி திரும்ப வெளியில வைப்பா, என்னம்மா?"

ஓம் என்றேன்.